சந்தனப் பொட்டுக்குக் கீழே இருந்த வருடம்

உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு கரண்டி மண்ணை அள்ளி, ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான கதிர்வீச்சைப் போல இரண்டாயிரம் மடங்கை அதற்குக் கொடுத்தால், உள்ளே என்ன உயிரோடு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஒன்றும் இருக்காது என்றுதானே? தப்பு! ரோஸ் நிறத்தில் ஒன்று இருக்கும். குண்டூசித் தலை அளவுக்குப் பளபளவென்று புள்ளி புள்ளியாகத் கிருமி வளர்க்கிற தட்டில் முளைத்து வரும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று ஆய்வகத்தில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறை வேதியியல்காரர்கள் தீ பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

நான் ஷமீமா. ஊர் கோரிப்பாளையம். வயது இருபத்தேழு. பணி ஓய்வு பெற்றவள். சிரிக்க வேண்டாம். நாலு வருடம் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்தேன், திட்டம் முடிந்தது, மாலை போட்டார்கள், மிக்சர் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். வேறென்ன வேண்டும் ஓய்வு என்று சொல்ல? வீட்டில் அத்தா தினமும் காலையில், "என்ன ரிட்டயர்டு ஆபீசர், டீ போடவா, இல்ல பேப்பர் பாத்துட்டுக் குடிக்கிறீங்களா?" என்கிறார்.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், எங்கள் ஆய்வகத்துக் காமா சேம்பருக்குப் புதிதாக ஒரு திரை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கதிர்வீச்சு வேண்டும் என்று தட்டினால் எத்தனை மணி நேரம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பிள்ளைகள் இரண்டு பேரும், "அக்கா, முன்னாடி எல்லாம் அட்டையப் பாத்துத்தான் போடுவீங்களாமே? அந்த அட்டையில என்னமோ ஆச்சாமே?" என்று விடாமல் கேட்கிறார்கள். ஆச்சு. சொல்கிறேன்.

முதலில் சேம்பர். ஆள் உயரத்துக்கு ஈயமும் இரும்புமாக ஒரு தடித்த பீப்பாய். அதன் வயிற்றுக்குள் கதிர் வீசும் கோபால்ட் கம்பிகள் வட்டமாக நிற்கும். மேலே உள்ள குடுவையில் மண் பொட்டலத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால், குடுவை மோட்டாரில் கீழே இறங்கிக் கம்பிகளுக்கு நடுவே போய் நிற்கும். நேரம் முடிந்ததும் தானாக மேலே வரும். மண் சூடாகாது, நிறம் மாறாது. மண்ணில் கதிர் ஒட்டிக்கொண்டும் வராது. இதை எங்கள் வீட்டில் நம்ப வைக்கவே ஒரு வருடம் ஆயிற்று. அம்மா என் துப்பட்டாவைத் தனி வாளியில்தான் ஊறப் போடுவாள்.

பயிற்சிக் காலம் முழுவதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஆறு மாதம் பொட்டலத்துக்குச் சீட்டு எழுதினேன், அடுத்த ஆறு மாதம் எழுதிய சீட்டைச் சத்தம் போட்டு வாசித்தேன்.

வாசிக்க வைத்தவர் ராஜாமணி சார். சேம்பருக்கும் அதன் பாதுகாப்புக்கும் அவர்தான் பொறுப்பு. அந்த மெஷினை அவர் மெஷின் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை என்பார். "மாப்பிள்ள உள்ள உக்காந்திருக்காரு, கதவ மெதுவாச் சாத்து தாயி." கதவுக்கு வெளியே நின்று, நெஞ்சில் கதிர் பதிகிற பேட்ஜ் குத்தியிருக்கிறதா என்று தானே தொட்டுப் பார்த்துக்கொள்வார். கதிர் அளக்கிற மீட்டரை இயக்கி, கதவிடுக்கில் ஒரு தடவை, உள்ளே மூன்று மூலையில் மூன்று தடவை காட்டுவார். முள் காட்டுகிற எண்ணை அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, அதன் பிறகுதான் பேரேட்டில் எழுத வேண்டும். சேம்பர் சாவி அந்த மீட்டரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். மீட்டரைக் கையில் எடுக்காமல் சாவியை எடுக்கவே முடியாது. நாலு வருடத்தில் ஒரு நாள்கூட இந்த வரிசை மாறியதில்லை. எனக்குக் கொட்டாவி வரும். வந்தால், "மாப்பிள்ளைக்கு முன்னாடி கொட்டாவி விடுறியே, மரியாதையா இது?" என்பார்.

கோபால்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது தேய்ந்துகொண்டே இருக்கும், மாதம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதனால் போன வருடம் ஒரு மணி நேரத்தில் கொடுத்த கதிரை இந்த வருடம் கொடுக்கக் கொஞ்சம் கூட நேரம் ஆகும். ராஜாமணி சார் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உட்கார்ந்து கணக்குப் போட்டு, எத்தனை கிலோகிரேக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு அட்டையில் முத்து முத்தாக எழுதுவார். கிலோகிரே என்பது கதிர் அளவு. வலது மேல் மூலையில் மாதமும் வருடமும் இருக்கும். புது அட்டை ஆணியில் முன்னால் ஏறும், பழையவை பின்னால் அப்படியே தொங்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்று எதையும் தூக்கிப்போட மாட்டார். காலண்டர் தடிமனுக்கு ஒரு கத்தை.

இந்தச் சேம்பரில் நாங்கள் வைத்தது புல்வெளி மண்.

நாங்கள் என்றால் நானும் பாண்டிச்செல்வியும். அவள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள், பேரையூர்க்காரி. அவர்கள் ஊருக்கு மேற்கே தரிசு முழுக்கக் கொழுக்கட்டைப் புல். அந்த மண்ணை அள்ளிக் கதிர் கொடுத்து, அதில் அதே புல்லின் விதையைப் போட்டு வளர்த்து, புல்லுக்கும் மண்ணுக்குள் இருக்கிற நுண்ணுயிர்களுக்கும் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. பச்சைப் புல்லையே உள்ளே வைத்தால் கதை உடனே முடிந்துவிடும், அது ரொம்ப மென்மையான உயிர். மண்ணுக்குள் இருப்பவைதான் கெட்டி.

முதல் தடவை மண் எடுக்கப் போனபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்வியின் மாமா ஒருவர் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

"எதுக்குத்தா மண்ண எடை போட்டு எடை போட்டு அள்ளுறீங்க?"

"கதிர்வீச்சு குடுக்கப் போறோம் மாமா," என்றாள் செல்வி.

"மண்ணுக்கா? அது என்னத்தா தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. உள்ள இருக்கிற பூச்சி புழு, கண்ணுக்குத் தெரியாத கிருமி எல்லாம் எம்புட்டுத் தாங்குதுன்னு பாக்கணும்."

அவர் யோசித்தார். "இந்த மண்ணா? ஒம்போது மாசம் வெயில்ல கெடக்குறது. ஒங்க கதிரெல்லாம் இதுக்கு ஒறைக்காதுத்தா."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, விஷயம் அதேதான். காய்ந்து காய்ந்து பிழைத்துப் பழகிய நுண்ணுயிருக்குக் கதிர்வீச்சையும் தாங்கத் தெரியும். இரண்டிலும் உடைவது ஒன்றுதான், உள்ளே இருக்கிற மரபு இழை. அதை ஒட்டுப் போடத் தெரிந்தது பிழைக்கிறது. ரோஸ் புள்ளி அந்த ஜாதி. வரும்போது ஆரப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டி, "என்னம்மா இது, கல்லா?" என்றார். "மண்ணுண்ணே." "ஏன், மதுரையில மண்ணு தீந்துபோச்சா?" பஸ்ஸே சிரித்தது.

முதல் இரண்டு வருடம் செல்வி கண்டது இதுதான். பத்து கிலோகிரே கொடுத்த மண்ணில் போட்ட புல், முதலில் சும்மா எகிறிக்கொண்டு வளர்கிறது! செத்த நுண்ணுயிரெல்லாம் உரமாகிவிடுகிறதல்லவா. ஐந்தாறு வாரம் போனால் ஆட்டம் அடங்கிவிடும். இலை நுனி ஊதாவாகிச் சுருளும். வேரோடு ஒட்டி வாழ்ந்து மண்ணிலிருந்து சத்து இழுத்துக் கொடுக்கிற பூஞ்சை செத்துப்போனதால் வருகிற பட்டினி அது. கதிர் படாத பச்சை மண் ஒரு கரண்டி போட்டால் மறுபடி தெளிகிறது. ஐந்து கிலோகிரேயில் பூஞ்சை கொஞ்சம் பிழைக்கிறது, பத்தில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தொட்டியாக நாங்கள் இதைப் பார்த்துப் பார்த்துக் குதித்த நாட்களை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் அது பெரிய திருவிழா. தராசு, அடுப்பு, மைக்ராஸ்கோப்பு எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு மட்டும் ராஜாமணி சார் தன் கையாலேயே துடைத்து மாலை போடுவார். சுவரில் இருப்பதையெல்லாம் இறக்கித் தூசி தட்டி மாட்டும் வேலை என்னுடையது. அட்டைக் கத்தையை ஆணியிலிருந்து கழற்றினேன், ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துத் துடைத்து மேசையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்க்காமல் வைத்தேன், அப்படியே தூக்கி ஆணியில் மாட்டினேன். கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை. புது அட்டை அடியில் போய்விட்டது. எல்லாவற்றிலும் பழைய அட்டை முன்னால் வந்து நின்றது. பின்னாலேயே சார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அட்டைக்கும் ஒரு பொட்டு. சரியாக வலது மேல் மூலையில், கட்டை விரலால் அழுத்தி, அதன் மேல் குங்குமம். மாதமும் வருடமும் அதற்குக் கீழே போய்விட்டன.

மறுநாள் சார் மகள் பிரசவத்துக்கென்று மூன்று வாரம் விடுப்பில் திருநெல்வேலி போனார். அதற்கு முந்தைய வாரம்தான் தனியாகச் சேம்பரை இயக்கலாம் என்று எனக்கு எழுத்தில் அனுமதி கிடைத்திருந்தது. மீட்டரையும் சாவியையும் என் கையில் கொடுத்து, "மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்க தாயி," என்றார்.

பார்த்துக்கொண்டேன்! மீட்டர், கதவு, மூன்று மூலை, எண்ணை நானே சொல்லி நானே திருப்பிச் சொன்னேன். அட்டையைப் பார்த்தேன். பத்து கிலோகிரேக்கு மூன்று மணி நேரம் என்று இருந்தது. பேரேட்டில் முந்தைய பக்கத்தில் சார் நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டிருந்ததும் என் கண்ணில் பட்டது. சத்தியமாகப் பட்டது. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. சார் எதையும் கூடக் கொஞ்சம் வைப்பார், பயந்த மனுஷர் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

அந்த மூன்று வாரத்தில் செல்வியின் கடைசி வரிசை மண் முழுவதும் உள்ளே போய் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிகளைக் காட்டினாள். பத்து கிலோகிரே புல், இலை நுனி வரை பச்சை. தட்டில் பூஞ்சை, பஞ்சுப் பொதி மாதிரி.

"சாகலடி! எங்க ஊரு பூஞ்சை பத்துக்கும் சாகல! ரோஸ் மட்டும்தான் தாங்கும்னு நெனச்சோம், இது அதுக்கு அண்ணனா இருக்கு!"

"ஏய், முன்னாடி செத்துச்சே?"

"அது மழைக்கு அப்புறம் எடுத்த மண்ணு. இது நல்லாக் காஞ்ச மண்ணு. காஞ்சா கூடுதலாத் தாங்கும், ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். பொருந்தவும் பொருந்தியது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினோம். அவளுடைய கைடு ஆய்வேட்டின் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். சமர்ப்பிக்க நாலு மாதம்தான் இருந்தது. பேரையூரில் அவள் அப்பா, அதோடு படிப்பு போதும் என்று முன்னமே சொல்லியிருந்தார். எல்லாம் கச்சிதமாகக் கூடி வந்திருந்தது.

கெடுத்தது என் நோட்டு. சேம்பருக்குள் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவோம், கதிர் பட்டால் சிவப்பாகும், கூடப் பட்டால் கூடச் சிவக்கும். மாறியிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் அவற்றை உரித்து ஒரு நோட்டில் தேதி வாரியாக ஒட்டி வைப்பேன். ஸ்டாம்பு சேர்க்கிற புத்தி, வேறொன்றுமில்லை. ஆய்வேட்டில் போட ஒரு படம் வேண்டும் என்று செல்வி கேட்டதால் நோட்டை விரித்தேன். பத்து கிலோகிரே பக்கங்கள் எல்லாம் அடர் சிவப்பு. கடைசிப் பக்கம் மட்டும் செங்கல் நிறம்.

பேரேட்டை எடுத்தேன். மூன்று மணி. நாலரை. மூன்று. கத்தையில் பொட்டு வைத்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

"அட்டையில தப்பு இருக்காது தாயி," என்றார் ராஜாமணி சார், தலை நிமிராமல்.

"தப்பு இல்ல சார். ஆனா இது எந்த வருஷத்து அட்டை?"

அவர் எழுந்து வந்தார். காய்ந்த சந்தனத்தைக் கட்டை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். முதலில் மாதம் தெரிந்தது, பிறகு வருடம். மூன்று வருடத்துக்கு முந்தையது. அவர் விடுப்பு முடிந்து வந்து முதல் தேதி போட்ட புது அட்டை முன்னால் ஏறி இதை மறைத்துவிட்டிருந்ததால், அதுவரை அவர் கண்ணிலும் படவில்லை. வாஷ் பேசினுக்குப் போய்க் கையைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து பேரேட்டை விரித்து, சிவப்பு மையில் எழுத ஆரம்பித்தார்.

"சார், என்ன எழுதுறீங்க?"

"தவறு என்னுதுன்னு எழுதுறேன். பொட்டு வச்சது நாந்தான?"

"மாட்டினது நான் சார். நேரத்தப் பாத்தும் போட்டது நான்."

"நீ சும்மா இரு. மாப்பிள்ளைக்குப் பொறுப்பு நான்."

"அதெப்படி? அன்னைக்குச் சாவி என் கையிலதான இருந்துச்சு! எனக்கும் எடம் விடுங்க!"

பேனாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். கடைசியில் இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பாதுகாப்புக் குழுவுக்கும் அன்றே கடிதம் போனது. கணக்குப் பார்த்தால், பத்து என்று எழுதிய பொட்டலங்கள் வாங்கியது ஆறே முக்கால்தான்.

செல்வியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேண்டீனில் அவள் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். வடையைத் தட்டில் வைத்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குடி தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"சாகாத பூஞ்சைன்னு சொல்லி நீ ஊரு ஊராப் போய் நிப்ப. எவனாவது ஒருத்தன் திரும்பச் செஞ்சு பாப்பான். அது செத்துப்போகும்."

"எனக்கு நாலு மாசம்தான் இருக்கு. திரும்ப மண்ணெடுத்து, புல்லு வளத்து... எங்கப்பா கேட்டா என்ன சொல்ல, ஷமீமா பொட்டு வச்சான்னு சொல்லவா?"

"பொட்டு வச்சது சாரு."

"செருப்பால அடிப்பேன் ரெண்டு பேரையும்."

பதினோரு நாள் பேசவில்லை. எண்ணினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றாள். அத்தா பாய்க்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "வாம்மா செல்வி, சண்டை முடிஞ்சுச்சா, இன்னும் மிச்சம் இருக்கா?" என்றார். "மிச்சம் இருக்கு அத்தா. பேனா இருக்கா?" என்று கேட்டு உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்து ஒரு கோடு போட்டாள்.

"அஞ்சுல பூஞ்சை இருக்கு. பத்துல இல்ல. நடுவுல எங்க சாகுதுன்னு ரெண்டு வருஷமா எனக்குத் தெரியாது. ஏன்னா நடுவுல நான் வச்சுப் பாக்கவே இல்ல. நீ வச்சுட்டடி லூசு! ஆறே முக்காலுக்கு உசுரோட இருக்கு, புல்லும் பச்சையா இருக்கு. அப்ப விளிம்பு ஆறே முக்காலுக்கும் பத்துக்கும் நடுவுலதான் இருக்கு!"

அதற்குப் பிறகு நாங்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கோடை மழை வருவதற்குள் பேரையூர் போய்க் காய்ந்த மண்ணை அள்ளினோம். ஏழு, எட்டு, ஒன்பது, நிஜமான பத்து. இந்த முறை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சார் ஒரு தடவை, நான் ஒரு தடவை, தனித்தனித் தாளில் நேரத்தைக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுவிட்டுத்தான் பொத்தான். நிஜமான பத்தில், காய்ந்த மண்ணிலும் பூஞ்சை செத்தது. ஒன்பதிலும் செத்தது. எட்டில் ஒரே ஒரு தொட்டியில் கொஞ்சம். அந்தப் புல் பாதி ஊதா, பாதி பச்சையாக நின்றதைப் பார்த்து செல்வி, "எங்க ஊரு எல்லைக்கல்லுடி இது," என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். ரோஸ் புள்ளி வழக்கம் போல எல்லாத் தட்டிலும் இருந்தது.

அட்டை விஷயத்தை அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம் என்றார் கைடு. செல்வி கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடியே ஒரு முழுப் பகுதியாக எழுதினாள், செங்கல் நிற ஸ்டிக்கரின் படத்தோடு. அந்தப் பக்கங்களால் பட்டமே நின்றுபோகலாம் என்று கைடு எச்சரித்தார். ஒரு தவறு நடந்த இடத்தில் மற்ற அளவுகளை எப்படி நம்புவது என்று ஒரு தேர்வாளர் கேட்டால் போதும்.

கேட்டார். இன்று காலை வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் விரித்தது அந்தப் பக்கத்தைத்தான். "யார் அந்த அட்டையை மாட்டியது?" என்றார். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "நான்தான் சார்," என்றேன். என் பக்கத்தில் ராஜாமணி சார் எழுந்து, "பொட்டு வச்சது நான்ங்க," என்றார். அரங்கம் சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. மற்றதை எதை வைத்து நம்பச் சொல்கிறாய் என்று செல்வியைப் பார்த்துக் கேட்டார். அவள் என் ஸ்டிக்கர் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்து வைத்தாள், முதல் பக்கத்திலிருந்து. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். பிறகு முடிவைத் தனியாகப் பேச வேண்டும் என்று எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள், செல்வியையும் சேர்த்து.

இந்தக் கடைசி வரிகளை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். செல்வி என் வலது கையைப் பிடித்திருப்பதால் இடது கையால். வெளியே வந்து ஐம்பது நிமிடம் ஆகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.